கரண்ட் போனால் திறந்த கதவு

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காதைக் கொண்டுபோனது. மிச்சமிருந்த வலது காதை வைத்துக்கொண்டே வகுப்பில் முதல் பெஞ்சுக்குச் சண்டை போட்டு இடம் பிடித்தாள். கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டு மூன்றாம் முறை பாஸானாள். ஒரு காது கேட்காதவளுக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் எப்படித் தருவது என்று இழுத்த அதிகாரியிடம், ரெண்டு காதும் கேட்கிறவர்கள் ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்குகிறார்களா என்று கேட்டு லைசென்ஸ் வாங்கினாள். அம்மா கொண்டுவந்த மூன்று வரன்களையும் வேண்டாம் என்றாள். "நீ வேணாம்னது நல்லதாப் போச்சு" என்று பிற்பாடு அம்மா வாயாலேயே சொல்லவும் வைத்தாள். எல்லாவற்றிலும் இதுதான் பெரிய வெற்றி என்பது என் எண்ணம். போன் ரிப்பேர் கடையில் கண்ணாடி துடைக்கிற வேலைக்குப் போனவள், அங்கே சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டு, காலேஜ் வாசலை மிதிக்காமலே ஒரு வெப்சைட் கம்பெனியில் வேலை வாங்கினாள்.

அந்த வேலை ஆறு வருடத்துக்குப் பிறகு பத்தே நாளில் கையை விட்டுப் போக இருந்தது. போகாமல் பிடித்துக்கொண்டதையும் ஜெயித்ததில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அன்று அவள் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. தூக்கக் கலக்கம்தான் இருந்தது.

அவள் ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடி. படி ஏறினால் கண்ணாடிக் கதவு. உள்ளே நுழைந்ததும் ஒரு மேசை, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க ஒரு பெண், அவள் தலைக்குப் பின்னால் சுவரை அடைத்தாற்போல ஒரு பெரிய டிவி. அந்தக் கம்பெனி செய்த வெப்சைட்டுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதில் ஓடிக்கொண்டே இருக்கும். முதலாளிக்கு அந்த டிவி மேல் உயிர். வருகிறவர்களிடம் வணக்கம் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் காட்டுவார். மேசைப் பெண் காலையில் வந்ததும் டிவியின் தூசைத் துடைத்து, ரிமோட்டை அமுக்கிய பிறகுதான் கைப்பையையே கீழே வைப்பாள். உள்ளறையில் ஐந்து பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னல் ஓரம் என் தங்கை. வலது காது மற்றவர்கள் பக்கம் இருக்கும்படி அவள் கேட்டு வாங்கிய இடம்.

மற்ற நால்வரும் படம் வரைவார்கள், எழுத்து அடுக்குவார்கள். செய்து முடித்ததை ஏற்றுவது என் தங்கையின் வேலை. எனக்கு அவள் விளக்கியபடி சொல்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு வெப்சைட்டைச் செய்து வைத்தால் அது அந்த அறையோடு கிடக்கும். ஊர் உலகம் பார்க்க வேண்டுமானால், எங்கோ தொலைவில் ஓயாமல் ஓடுகிற சர்வர் என்ற இன்னொரு கம்ப்யூட்டருக்கு அதை அனுப்ப வேண்டும். அனுப்பும்போது அந்த சர்வர் வாசலில் நிறுத்தி, பேர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று கேட்கும். சரியாகச் சொன்னால் உள்ளே விடும்.

அந்த ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. பேர் முதலாளியுடையது. யார் எதை ஏற்றினாலும் முதலாளி ஏற்றியதாகத்தான் சர்வர் எழுதிக்கொள்ளும். "ஒரே வீடு, ஒரே சாவி. ஆளுக்கொரு சாவி குடுத்தா அது லாட்ஜு" என்பது அவர் கொள்கை. பாஸ்வேர்டு மாறினால் அறை நடுவில் நின்று சத்தமாகச் சொல்லுவார். எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்வார்கள்.

அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் மீசை வேலையை விட்டுப் போனான். மீசை என்றால் அங்கே வயர், ப்ளக், பிரிண்டர் எல்லாம் பார்த்துக்கொண்ட ஆள். உண்மையில் அவனுக்கு மீசை கிடையாது, அதனால்தான் அந்தப் பேர். வேறு கம்பெனிக்குப் போகிறவன் பாஸ்வேர்டையும் தலையில் வைத்துக்கொண்டு போகிறானே என்று, அன்றைக்கே முதலாளி அதை மாற்றினார். வழக்கம்போல அறை நடுவில் நின்று சொன்னார். எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனி.

என் தங்கை ஆபீஸ் சாவி வைத்திருப்பவள், முதல் ஆளாகப் போவாள். காலையில் போனதும் ஏற்றிப் பார்த்தால் போகும். மற்றவர்கள் வந்து, முதலாளியும் வந்து, "எங்க, அந்தப் பல் ஆஸ்பத்திரி சைட்ட ஏத்து பாப்போம்" என்று பின்னால் நின்றால், பாஸ்வேர்டு தப்பு என்று வரும். அதே பாஸ்வேர்டு. ஒரு எழுத்துகூட மாறவில்லை. எத்தனை முறை அடித்தாலும் தப்பு, தப்பு, தப்பு.

முதலாளி பாஸ்வேர்டை மறுபடி மாற்றினார். மறுபடி சத்தமாகச் சொன்னார். மறுநாள் காலை போனது, அப்புறம் போகவில்லை. மூன்றாவது தடவை மாற்றியபோது அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவர் காதிலும் போய்ச் சொன்னார். என் தங்கைக்கு மட்டும் கடைசியில், அதுவும் இடது காதில்.

"சார், இந்தக் காது ரிட்டையர் ஆயிடுச்சு, அந்தப் பக்கம் வாங்க" என்றாளாம். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவள் சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்த மாதிரி இடத்துக்குப் போன் செய்வதென்றால் முதலில் பாட்டைக் கேட்க வேண்டும், பிறகு எண்களை அமுக்க வேண்டும், பிறகு மறுபடி பாட்டு. ஒரு காதிலேயே முழுப் பாட்டையும் அவள் கேட்டு முடித்த பிறகு, கடைசியில் கிடைத்த ஆள் இவ்வளவு சொன்னான்: "உங்க ஆபீஸ் இன்டர்நெட் லைன்லேர்ந்து தப்பான பாஸ்வேர்டு நிறைய வருதுங்க. அஞ்சு தடவை தப்பாப் போனா, அந்த லைனுக்கே அரை மணி நேரம் கதவை மூடிடும். அப்புறம் நீங்க சரியா அடிச்சாலும் தப்புன்னுதான் காட்டும். யார் தப்பா அடிக்கிறாங்கன்னு உங்க பக்கம் பாருங்க."

இதை அப்படியே முதலாளியிடம் சொன்னாள். அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"தப்பா அடிக்கிறது யாரு? ஏத்துறது நீ ஒருத்திதானே?"

"நான் சரியாத்தான் சார் அடிக்கிறேன். வேற ஏதோ ஒண்ணு நம்ம லைன்லேர்ந்து தட்டிக்கிட்டே இருக்கு."

"வேற ஏதோன்னா, பேயா?"

நால்வர் கம்ப்யூட்டரையும் அவர்கள் அனுமதியோடு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் புதிய பாஸ்வேர்டுதான் இருந்தது. பிரிண்டரைப் பார்த்தாள். முதலாளியின் போனைக் கேட்டாள், அவர் தரவில்லை.

வீட்டில் எங்களுக்கு இரண்டு அறை. உள்ளறையில் அம்மா, வெளியறையில் நாங்கள் இருவரும். அந்தப் புதன்கிழமை வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். செருப்போடு உள்ளே வந்தவளை அம்மா திட்டாமல் விட்டது அன்று ஒரு நாள்தான்.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"நேத்து ராத்திரி என் போன் இன்டர்நெட்ல போட்டுப் பாத்தேன்க்கா. வீட்டுலேர்ந்து போகுது. ஜம்முன்னு போகுது."

"நல்லதுதானே? அப்ப உன் பாஸ்வேர்டு சரின்னு ஆச்சுல்ல?"

"அதைத்தான் சார்கிட்ட போய்ச் சொன்னேன்." கண்ணை மூடிக்கொண்டாள். "அவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'காலையில நீ தனியா இருக்கும்போது போகுது. உன் வீட்டுலேர்ந்து போகுது. நான் பக்கத்துல நின்னா மட்டும் போகல. மீசையோட நீதானே டீ குடிக்கப் போவ? பாஸ்வேர்டை அவனுக்குக் குடுத்துட்டு எங்கிட்ட நாடகமா?' அப்படின்னாரு."

நான் எட்டாவதோடு நின்றவள். லாண்டரியில், இஸ்திரி போட்ட துணியில் கறை இருக்கிறதா, பட்டன் இருக்கிறதா என்று பார்த்து மடிக்கிற மேசையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். யாரோ துணியை மாற்றி எடுத்துப் போனால்கூட முதல் பார்வை என் மேல்தான் விழும். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இவள் உண்மையைக் கண்டுபிடிக்க எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியும் இவளையே திருடியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை அந்தப் பல் ஆஸ்பத்திரி திறக்குறாங்க. அதுக்குள்ள ஆபீஸ்லேர்ந்து, அவர் கண்ணு முன்னாடி, சைட் போகணுமாம். இல்லேன்னா சாவியை மேசையில வெச்சுட்டுப் போயிடணுமாம்."

அம்மா உள்ளே இருந்து, "அந்தக் கதவு தொறக்கலைன்னா வேற கதவு இல்லையாடி ஊர்ல?" என்றாள்.

"இருக்கும்மா. அங்கயும் முதல்ல கேப்பாங்க, பழைய எடத்துல ஏன் அனுப்புனாங்கன்னு."

அம்மா எழுந்து சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தங்கை ஒரு வாய் எடுத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். தட்டை நான் வாங்கி வைத்தேன்.

மறுநாள் வியாழன். அந்த வட்டாரம் முழுக்க மின்கம்பி மாற்றுகிறார்கள் என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். இஸ்திரிப் பெட்டி சூடேறாத லாண்டரியில் யாருக்கும் வேலை இல்லை. முதலாளியம்மா எங்களை மதியம் வரை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தங்கை அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு அவள் ஆபீஸுக்கு நடந்தேன். லாண்டரியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான்.

மாடியில் புழுக்கம் ஆளைத் தின்றது. மேசைப் பெண் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். பின்னால் டிவி கறுப்பாகக் கிடந்தது. "வாங்கக்கா, கரண்ட் இல்லாம எனக்கு உயிரே இல்ல. டிவி ஓடலைன்னா இந்த எடம் எழவு வீடு மாதிரி ஆயிடுது" என்றாள்.

உள்ளே மற்றவர்கள் மடிக்கணினிகளில் ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். பேட்டரி இருந்ததால் அவையும் இன்டர்நெட் பெட்டியும் மட்டும் ஓடின. என் தங்கை என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, போகுதுக்கா."

"என்னது?"

"சைட்டு. பத்து மணியிலேர்ந்து விட்டு விட்டுப் பாக்குறேன். நேத்து வரைக்கும் இந்நேரத்துக்குப் போனதே இல்ல. இன்னிக்கு ஒவ்வொரு தடவையும் போகுது."

"கரண்ட் இல்லாதப்பவா?"

"ஊர்ல எல்லாம் கரண்ட் போனா வேலை நிக்கும். நமக்குக் கரண்ட் போனாத்தான் வேலை நடக்குது. நம்ம ராசி அப்படி."

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருக்கப்போகுதுடி" என்றேன். அவள் நம்பிக்கை வைத்து இன்னொரு முறை விழக் கூடாதே என்ற பயத்தில் சொன்னது.

"இருக்கலாம். பாப்போம்."

குதிக்கவில்லை, கூவவில்லை. பத்து நாளாக எதையாவது கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைப்பதும் அது இல்லை என்று ஆவதுமாக இருந்ததில், சந்தோஷப்படவும் அவளுக்குத் தெம்பு இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

நான் கிளம்ப எழுந்தபோது கரண்ட் வந்தது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். மின்விசிறி சுற்றியது, நகல் எடுக்கிற மெஷின் முனகியது, தண்ணீர் மெஷின் குமிழி விட்டது. மேசைப் பெண் ரிமோட்டை அமுக்கினாள், டிவியில் படங்கள் ஓடின. என் தங்கை உட்கார்ந்து ஏற்றிப் பார்த்தாள். போனது. சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். போனது. அப்புறம் ஒரு முறை அமுக்கிவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"மூடிடுச்சு."

அறையைச் சுற்றிப் பார்த்தாள். பேட்டரியில் ஓடியது எதுவும் தட்டவில்லை. கரண்ட் வந்த பிறகு உயிர் வந்த ஏதோ ஒன்றுதான் தட்டுகிறது. மின்விசிறிக்குப் பாஸ்வேர்டு தெரியாது. தண்ணீர் மெஷினுக்கும் தெரியாது. நகல் மெஷினின் வயரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தாள். கதவு மூடியது மூடியதுதான், மறுபடி திறந்து பார்க்க அரை மணி ஆகும் என்பதால், ஒரு சந்தேகத்தைத் தீர்க்க ஒரு அரை மணியைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் அவள் தலையை மேசையில் வைத்துக்கொண்டாள். நான் லாண்டரிக்குப் போன் செய்து, வர நேரமாகும் என்றேன். அரை மணி கழித்தும் கதவு திறக்கவில்லை, தட்டுவது நகல் மெஷின் இல்லை என்று தெரிந்தது.

எழுந்து முன்னறைக்கு வந்தாள். டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் படமெல்லாம் இதுக்கு எங்கேர்ந்து வருது?"

மேசைப் பெண் திருதிருவென்று விழித்தாள். "எங்கேர்ந்துன்னா? டிவில வருது."

"புதுசா ஒரு சைட் ஏத்துனா, அது எப்படி இதுல தானா வந்து நிக்குது?"

"மீசை ஏதோ பண்ணி வெச்சான். நான் தூசு மட்டும்தான் தொடைப்பேன், சாமி."

என் தங்கை கன்னத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு டிவிக்குப் பின்னால் கையை விட்டாள். துழாவினாள். டிவியின் முதுகில், சோப்புப் பெட்டி அளவில், ஒட்டு டேப்பால் ஒட்டிய ஒரு சின்னப் பெட்டி இருந்தது. டிவி ஓடும்போது மட்டும் கரண்ட் கிடைக்கும்படி டிவியிலிருந்தே அதற்கு ஒரு வயர் போனது. அவள் டிவியின் ப்ளக்கைப் பிடுங்கினாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளி படி ஏறி வந்தார். கூட ஒரு வாடிக்கையாளர்.

"டிவியை யாரு நிறுத்துனது?"

"நான்தான் சார்."

"எதுக்கு? அது உன்ன என்ன பண்ணுச்சு?"

"அரை மணி நேரம் இது இப்படியே இருக்கட்டும் சார். அப்புறம் உங்க முன்னாடி ஏத்திக் காட்டுறேன்."

"டிவியைப் போட்டா சைட் போகாதா? அடுத்து என்ன, என் கண்ணாடியைக் கழட்டச் சொல்லுவியா?"

வாடிக்கையாளர் சிரித்தார். என் தங்கை சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "போகலேன்னா சாவி இதோ இருக்கு சார்" என்று பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள். ஒரு நாள் பாக்கி இருக்கும்போது இவளே ஏன் வைக்கிறாள் என்று நினைத்தேன். மேசைப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாடிக்கையாளரும் உட்கார்ந்தார். காட்டுவதற்கு டிவி இல்லாததால் இருவருக்கும் பேச எதுவும் இல்லை. வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள்.

பிறகு எல்லோரும் உள்ளே போனோம். அவள் பேரை அடித்தாள், பாஸ்வேர்டை அடித்தாள். கதவு திறந்தது. பல் ஆஸ்பத்திரியின் வெள்ளை வெள்ளைப் படங்கள் ஏறின. முதலாளி, "இன்னொரு தடவ" என்றார். ஏறியது. "நீ தள்ளு, நான் அடிக்கிறேன்" என்றார். அவருக்கும் ஏறியது.

"அந்தப் பெட்டிக்குப் பழைய பாஸ்வேர்டுதான் சார் தெரியும்" என்றாள். "மீசை அதுல எழுதி வெச்சுட்டுப் போயிட்டான். புதுப் படம் இருக்கான்னு பாக்க அது நிமிஷத்துக்கு நிமிஷம் சர்வரைத் தட்டுது. நீங்க மாத்துனதை நம்ம எல்லார்கிட்டயும் சொன்னீங்க. அதுகிட்ட யாரும் சொல்லல. டிவின்னுதானே நெனச்சோம். காலையில டிவி போடுறதுக்கு முன்னாடி எனக்குப் போச்சு. போட்டதுக்கப்புறம் யாருக்கும் போகல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முதலாளி முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அந்த டிவியை நான் ஆசையா வாங்குனேம்மா" என்றார். மன்னிப்புக் கேட்டார் என்று சொல்ல முடியாது. முன்னறைக்குப் போய்ச் சாவியை எடுத்துவந்து அவள் மேசையில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"சார், ஆளுக்கொரு பேர் குடுங்க. ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அந்தப் பெட்டிக்கும் தனியா ஒண்ணு."

"அதான் கண்டுபிடிச்சாச்சே. இனிமே எதுக்கு?"

"தட்டுறது யாருன்னு தெரியாததாலதான் என்னைத் திருடின்னு நெனச்சீங்க. நான் ஆறு வருஷமா ஏத்துனது எல்லாம் உங்க பேர்லதான் இருக்கு. தப்பு வந்தப்ப மட்டும் அது என் பேர்ல வந்துச்சு."

மற்ற நால்வரில் ஒருவன், "எனக்கும் தனியா குடுத்தா நல்லா இருக்கும் சார்" என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னான். முதலாளி வாடிக்கையாளரைப் பார்த்தார். வாடிக்கையாளர், "எங்க ஆபீஸ்லயும் ஆளுக்கொண்ணுதாங்க" என்றார்.

"சரி, நாளைக்குப் பண்ணு" என்றார் முதலாளி.

அப்போதுதான் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து நடந்தே வீட்டுக்கு வந்தோம். "பெரிய ஆளுடி நீ" என்றேன். "கால் வலிக்குதுக்கா" என்றாள். அம்மாவிடம் நான்தான் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். டிவிக்கே பாஸ்வேர்டு தெரியவில்லையா என்று அம்மா இரண்டு முறை கேட்டாள். நான் சொல்லி முடிப்பதற்குள் தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் அவளே உட்கார்ந்து அந்த ஆபீஸில் ஒவ்வொருவருக்கும் தனிப் பேர் போட்டாள். தனக்குக் கடைசியில் போட்டாள். பிறகு பல் ஆஸ்பத்திரியின் வெப்சைட்டை முழுதாக ஏற்றினாள். சர்வர் எப்போதும் எழுதிக்கொள்கிற வரியை எழுதியது: எது ஏறியது, எப்போது ஏறியது, ஏற்றியவர் யார். அதை போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. லாண்டரி மேசையில் ஒரு வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்த நான், கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலாளியின் பேர் இருந்துவந்த இடத்தில் என் தங்கையின் பேர் இருந்தது, நாங்கள் வீட்டில் கூப்பிடுவது அல்ல, பள்ளிக்கூடத்தில் கொடுத்த முழுப் பேர். தான் செய்த வேலையின் கீழே அவள் முதன்முதலாகத் தன் பேரை இட்டது 2023 ஜூன் 16, வெள்ளிக்கிழமை.